ஃபோர்மட் பண்ண மாட்டேன்

பள்ளிக்கூடத்துச் சீமெந்துத் தரையில் ஹார்ட் டிஸ்க் விழுந்த சத்தத்தோடு போன வார அத்தியாயத்தில் தர்மிளாவை விட்டு வந்தோம். அப்பா தர்மராசாவின் கைக்கும் அவள் கைக்கும் நடுவில் இழுபட்டு, நழுவி விழுந்தது அது. அப்பா குனிந்து எடுக்கவில்லை.

"ஒடஞ்சிருச்சா? நல்லதாப் போச்சு" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

அதற்குப் பிறகு தகப்பனும் மகளும் பேசிக்கொள்ளவில்லை. பழைய சேலையைத் தடுப்பாகக் கட்டிய ஒரே வகுப்பறையில் இருந்துகொண்டு பேசாமல் இருப்பது லேசான காரியம் அல்ல. ஆனால் இருவருக்கும் ஒரே பிடிவாதம்.

ஹல்துமுல்லைக்குப் போகும் வழியில் உள்ள கிரிமெட்டித் தேயிலைத் தோட்டத்தின் மேல் பிரிவான மேற்கணக்கின் லய வீடுகள் மழையில் பாதி மண்ணுக்குள் போனபின், அந்தச் சனம் எல்லாம் பள்ளிக்கூடத்தில்தான் கிடக்கிறது. உயிர்ச்சேதம் இல்லை. வீட்டுக்கு வேறு காணி கேட்டார்கள். தோட்ட நிர்வாகம் மறுத்தது. வீட்டுக்குப் பின்னால் மரக்கறிப் பாத்தி போட நீங்களே மண்ணை வெட்டினீர்கள், அதனால்தான் சரிந்தது, மிச்சமுள்ள காம்பராக்களுக்குக் கூரைத் தகரம் தருகிறோம், திரும்பிப் போங்கள் என்றது.

சனம் வேறு கதை சொன்னது. லயத்துக்கு மேலே மழைத் தண்ணீரைக் கீழே ஓடும் ஓயாவுக்குக் கொண்டுபோக ஒரு பெரிய கான் இருந்தது; வெள்ளைக்காரர்கள் தங்கும் புது பங்களாவுக்குப் பாதை வெட்டியபோது அதை மூடிவிட்டார்கள்; போக வழியில்லாத தண்ணீர்தான் மலையை ஊறவைத்துச் சரித்தது என்றது. அப்படி ஒரு கானே இருந்ததில்லை என்றார் தோட்ட மனேஜரான பெரிய தொரை.

யார் சொல்வது உண்மை என்பது அந்த டிஸ்க்கில் இருந்தது. தர்மிளாவின் அண்ணன் கிஷாந்தன் எல்ல என்ற ஊரில் சுற்றுலாப் பயணிகளுக்கு ட்ரோன் பறக்கவிட்டுப் படம் எடுத்தவன். தோட்டத்து மாரியம்மன் தேரையும் இரண்டு வருடம் வானத்திலிருந்து எடுத்தான். ஃபேஸ்புக்கில் போட்டது தேர் மட்டும் தெரியும் சின்னத் துண்டு. முழுப் படத்தில் மலையே இருந்தது. இப்போது அவன் கட்டாரில். டிஸ்க் தங்கச்சியிடம்.

இன்றைக்குப் பதுளைக் கச்சேரியில், மாவட்ட அரச அலுவலகத்தில், விசாரணை.

*

தர்மிளா முன்பள்ளி ஆசிரியை. காலையில் முதல் வேலையாகப் பள்ளிக்கூடத்து லெப்டொப்பில் டிஸ்க்கை மறுபடி செருகினாள். நீல விளக்கு எரிந்தது. லெப்டொப் வெகுநேரம் யோசித்தது. பிறகு நேற்றுச் சொன்னதையே சொன்னது. இந்த டிஸ்க்கைப் பாவிக்க வேண்டுமானால் ஃபோர்மட் செய்ய வேண்டும். செய்யவா?

வேண்டாம் என்பதை அழுத்தினாள்.

"என்னதான் கேக்குது அது?" அம்மா இராசமணி தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள்.

"உள்ள இருக்கிற எல்லாத்தையும் அழிச்சிட்டு புதுசா ஆரம்பிக்கவான்னு கேக்குது."

"அழிச்சிட்டா?"

"டிஸ்க் நல்லா வேல செய்யும். உள்ளுக்க ஒண்ணும் இருக்காது."

"தொரை பேசுற மாதிரியே பேசுது" என்றாள் இராசமணி.

தர்மிளாவுக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்போடு தடுப்புச் சேலை விலகியது. வெள்ளைச் சட்டை, தலைக்கு எண்ணெய், சட்டைப்பையில் பேனா. தர்மராசா பதினைந்து வருடமாகத் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர். வெளியே தோட்டத்து ஜீப் ஹோர்ன் அடித்தது.

மனைவியைப் பார்த்துத்தான் பேசினார். "கச்சேரிக்குப் போறேன். சனம் லயத்துக்குத் திரும்ப சம்மதம்னு சொல்லப் போறேன். ஒம் மகளப் பேசாம இருக்கச் சொல்லு."

"நானும் வர்றேன்" என்றாள் தர்மிளா.

"ஒன்னய யாரும் கூப்புடல."

"என் வீடும்தான் மண்ணுக்குள்ள போச்சு."

இப்போது அவர் மகள் பக்கம் திரும்பினார். "புள்ள, பெரிய எடத்தோட மோதி ஜெயிச்சவங்கள நான் பாத்ததில்ல. தகரமாச்சும் தர்றேங்கிறாங்க. நீ குறுக்க வந்து அதையும் கெடுத்துடாத. இருக்கிறதும் போயிடும்."

"இருக்கிறது என்னப்பா இருக்கு? அந்தச் செவுத்து வெடிப்புக்குள்ள என் கை முழுசாப் போவுது. அதுக்கு மேல தகரம் அடிச்சா சரியாகிடுமா?"

"அந்தப் பெட்டிதான் ஒடஞ்சிருச்சே. அதோட விட்டுத் தொல."

"விழுந்திருக்கு. ஒடஞ்சதுன்னு நான் இன்னும் ஒத்துக்கல."

ஜீப் மறுபடி ஹோர்ன் அடித்தது. அவர் போய்விட்டார்.

இராசமணி மூலையில் இருந்த கொழுந்துக் கூடையைப் பார்த்தாள். பிறகு பெட்டியைத் திறந்து நல்ல சேலையை எடுத்தாள்.

"அம்மா, வேலைக்கு நிக்கிற பெரட்டுல பேர் கூப்புடுவாங்க."

"கூப்புடட்டும். மீரியபெத்தையில என் சின்னம்மா மக இருந்தா. அவ பேரையும் மண்ணு விழுந்த பொறகு எத்தனையோ பேர் கூப்புட்டுப் பாத்தாங்க" என்றாள் இராசமணி. "வா, பஸ் போயிடும்."

*

பதுளைக் கடைத்தெருவில், துணிக்கடைக்கும் மருந்துக்கடைக்கும் நடுவில் ஒடுங்கிய கடை அது. முன்னால் மபாஸ் ஃபோன் திருத்துவார். உள்ளே கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் அவர் மனைவி ஷிப்னா கம்ப்யூட்டர்களோடு இருப்பாள். பழுதான டிஸ்க்கிலிருந்து கல்யாணப் படங்களை மீட்டுத் தருகிறவள் என்று முன்பள்ளியில் ஒரு தாய் சொல்லித்தான் தர்மிளா தேடி வந்திருந்தாள்.

ஷிப்னா டிஸ்க்கை வாங்கினதும் முதலில் கேட்டது, "விழுந்த பிறகு எத்தன தரம் செருகினீங்க டீச்சர்?"

"நாலஞ்சு தரம்."

"ஃபோர்மட் கேட்டிச்சா?"

"ஒவ்வொரு தரமும். நான் குடுக்கல."

"அதுதான் இன்னைக்கு நீங்க செஞ்ச பெரிய வேல." ஷிப்னா டிஸ்க்கைச் செருகிக் காதோடு வைத்துக் கேட்டாள். "கிளிக் கிளிக்கெண்டு சத்தம் இல்ல. அல்ஹம்துலில்லாஹ். அது வந்திருந்தா இப்பவே கழட்டி வச்சிட்டுக் கொழும்புக்குத்தான் அனுப்பணும்."

பிறகு வயரைக் கழற்றிப் பார்த்தாள். முனை சற்று வளைந்திருந்தது. வேறு வயரை எடுத்து, கம்ப்யூட்டருக்குப் பின்புறம் செருகினாள். இந்தத் தடவை டிஸ்க் உடனே தெரிந்தது. தர்மிளாவின் முகம் மலர்ந்தது. ஆனால் ஒரு கோப்பைத் திறந்ததுமே திரை உறைந்து நின்று, வாசிக்க முடியவில்லை என்றது.

"வயர்லயும் பிழ, டிஸ்க்லயும் பிழ" என்றாள் ஷிப்னா. "விழுந்த அடியில சில எடங்கள் பழுதாகிட்டு. அந்த எடம் வந்ததும் வாசிக்க ஏலாம நிண்டு போகுது."

மபாஸ் முன்னாலிருந்து எட்டிப் பார்த்தார். "ரிப்பேர் கொமாண்ட் ஒண்டு குடுத்துப் பாருங்களேன். கெதியா முடிஞ்சிடும்."

"ஏலாது. அது டிஸ்க்ல திருத்தித் திருத்தி எழுதும். அடிபட்ட டிஸ்க்ல எழுதப் போனா இருக்கிறதும் போகும். முதல்ல உள்ளதை எடுக்கணும். சரி செய்யிற கதையெல்லாம் பிறகு." அவள் தர்மிளாவிடம் திரும்பினாள். "வாசிக்க மட்டும் செய்யிற மாதிரி வச்சு, எல்லாத்தையும் வேற டிஸ்க்குக்கு எடுக்கலாம். நாளைக்கும் இழுக்கும்."

"எங்களுக்கு மத்தியானம் வரைக்கும்தான் மிஸ்."

"அப்ப எது வேணுமோ அத மட்டும் முதல்ல எடுப்போம். கோப்பு பேர் தெரியுமா?"

கிஷாந்தனுக்கு வாட்ஸ்அப்பில் செய்தி போனது. வேலை இடத்திலிருந்து அவன் பதில் அனுப்பினான். தேர் என்று பெயரிட்ட இரண்டு ஃபோல்டர்கள், வருடம் போட்டு.

ஷிப்னா வேலையைத் தொடங்கினாள். திரையில் சின்னச் சின்னக் கட்டங்கள் நிறைந்தன. வாசித்த இடம் பச்சை, வாசிக்க முடியாத இடம் சிவப்பு. சிவப்பு வந்தால் அங்கேயே மல்லுக்கட்டாமல் தாண்டிப் போய், மிச்சத்தை எடுத்துவிட்டு, பிறகு திரும்பி வந்து முயன்றது அந்த மென்பொருள். டிஸ்க் சூடாகாமல் இருக்க ஒரு சின்ன மின்விசிறியை அதன் பக்கம் திருப்பி வைத்தாள்.

முதல் வருடத்துப் படம் முழுசாகப் பச்சையாக வந்தது. இராசமணி பிளேன்டீயைக் கையில் வைத்துக்கொண்டே குடிக்காமல் பார்த்தாள். வானத்திலிருந்து லயத்துக் கூரைகள். அதற்கு மேலே, மலையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு, வெயிலில் மின்னிய தண்ணீர்க் கோடு.

"அந்தா கான்!" என்றாள். "நான் தாண்டித் தாண்டிப் போன கான். இல்லவே இல்லன்னாங்களே, பாவிங்க!"

இரண்டாவது படத்தில் சிவப்பு விழுந்தது. ஒன்று, பிறகு கூட்டமாக. ஷிப்னா திரும்பத் திரும்ப முயன்றாள். சில பச்சையாகின. சில ஆகவே இல்லை.

"இதுக்கு மேல வருத்தினா டிஸ்க் செத்துடும் டீச்சர். பழுதான எடங்கள வெறுமையா விட்டுக் கோப்பச் சேர்க்கிறேன். அந்த எடத்துல படம் ஒடையும். மத்த எடத்துல ஓடும். சரியா?"

"போடுங்க மிஸ்."

தேர் தெரிந்தது. தோரணம் தெரிந்தது. மலையில் புண்ணைப் போலச் சிவந்த புதுப் பாதை தெரிந்தது. முந்தின வருடப் படத்தில் தண்ணீர் மின்னிய இடத்தில் ஒரு பெக்கோ இயந்திரம் மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தது. அதோடு படம் சாம்பல் நிறக் கட்டங்களாகச் சிதறியது.

மறுபடி சேர்ந்து வந்தபோது, இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நின்றார். மஞ்சள் வேட்டி, கழுத்தில் திருவிழா மாலை. மண்ணை எங்கே கொட்டுவது என்று கை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்.

உயரத்திலிருந்து எடுத்த படம். முகம் தெரியவில்லை. ஆனால் ஒரு கையை இடுப்பில் ஊன்றி ஒரு தோளைச் சரித்து நிற்கும் அந்த நிலையை தர்மிளாவுக்கு எங்கே பார்த்தாலும் தெரியும்.

ஷிப்னா அவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாக எழுந்து முன்பக்கம் போனாள்.

தர்மிளாவின் ஃபோன் அடித்தது. கிஷாந்தன்.

"ரெண்டாவத பாத்திட்டியா?"

"ஒனக்குத் தெரியுமா அண்ணே?"

"எடிட் பண்ணையிலேயே தெரியும். அதான் அந்த எடத்த வெட்டிட்டு ஃபேஸ்புக்ல போட்டேன். தங்கச்சி, கான் மூடின எடத்த மட்டும் ஒரு ஃபோட்டோவா எடுத்துக் காட்டு. அப்பா நிக்கிறத விட்டுரு."

"வெட்டிக் காட்டினா, வெட்டின படம்னுதான் சொல்லுவாங்க. அப்புறம் மொதப் படத்தையும் நம்ப மாட்டாங்க."

"அது நம்ம அப்பா, தங்கச்சி! சனம் அவர என்ன செய்யும்னு யோசிச்சியா?"

இராசமணி ஃபோனை வாங்கினாள். "கிஷாந்தா, அது அப்பாதான்னு எனக்குத் தெரியாதா? அந்த மாலைய கட்டினதே நான்."

"அம்மா..."

"அவரு பேர் கெட்டுடும்னு இத்தனை குடும்பத்த வெடிச்ச செவுத்துக்குள்ள போய்ப் படுக்கச் சொல்றியா? பதினஞ்சு வருஷமா அவரு பேசின கூட்டத்துல எல்லாம் நான் பின்னாடி நின்னு கேட்டேன். இன்னைக்கு அவரு கேக்கட்டும்."

ஃபோனை மகளிடம் கொடுத்தாள். "முழுசாவே காட்டு. ஒரு துண்டும் வெட்டக் கூடாது."

ஷிப்னா படங்களை இரண்டு பென்டிரைவில் போட்டுக் கொடுத்தாள். ஒரு பிரதியைத் தன் கம்ப்யூட்டரிலும் வைத்துக்கொண்டாள். "டிஸ்க் இங்கேயே இரிக்கட்டும். மிச்சத்தையும் எடுக்கப் பாக்கிறேன். யாராச்சும் இது பொய்ப் படம்னு சொன்னா எனக்கு ஒரு கோல் எடுங்க. எப்பிடி எடுத்தேன்னு நானே வந்து சொல்லுவேன்."

*

விசாரணை அதிகாரி யாழ்ப்பாணத்துப் பெண்மணி. மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துப் பேசுகிறவர்.

"பிள்ளை, இந்த லிஸ்ட்டில உங்கட பேர் இல்லையே."

"பேர் இல்லதான் மிஸ். லயத்துல வீடு இருக்கு. இருந்துச்சு."

அவர் ஒரு கணம் பார்த்தார். "சரி, இருங்கோ. அம்மாவும் இருக்கட்டும்."

மேசைக்கு அந்தப் பக்கம் பெரிய தொரை. அவருக்குப் பக்கத்து நாற்காலியில் தர்மராசா. மனைவியும் மகளும் உள்ளே வருவதைக் கண்டதும் அவர் முகம் இறுகியது.

பெரிய தொரை சுருக்கமாகப் பேசினார். மேலே கான் இருந்ததே இல்லை. சனம் மண்ணை வெட்டியது. நிர்வாகம் இரக்கப்பட்டுத் தகரம் தருகிறது. "தலைவர்கிட்டயே கேளுங்க மேடம். சம்மதம்னு கையெழுத்தும் போட்டிருக்காரு."

"சம்மதம்தாங்க" என்றார் தர்மராசா. குரல் எழும்பவே இல்லை.

"எனக்குச் சம்மதம் இல்ல" என்றாள் தர்மிளா.

கையோடு கொண்டுவந்த பள்ளிக்கூடத்து லெப்டொப்பை மேசை மேல் திருப்பி வைத்தாள். முதல் படம் ஓடியது. கான் தெளிவாகத் தெரிந்தது. அதிகாரி குனிந்து பார்த்தார். "உதுதான் இல்லை எண்ட கானோ?"

பெரிய தொரை தோளைக் குலுக்கினார். "மழைக்கு வர்ற சின்ன ஓடை. தானா வரும், தானா போகும்."

இரண்டாவது படம். தேர், பாதை, பெக்கோ. பிறகு சாம்பல் கட்டங்கள். அவர் சிரித்தேவிட்டார். "பாருங்க மேடம், ஒடஞ்ச டிஸ்க்ல இருந்து வந்த படம். இந்தக் காலத்துல கம்ப்யூட்டர்ல யாரும் எதையும் செய்யலாம். இத வச்சா நம்மளக் குத்தம் சொல்றாங்க?"

படம் சேர்ந்து வந்தது. மஞ்சள் வேட்டியும் மாலையும் கையை நீட்டி நின்றன.

"நிப்பாட்டுங்கோ" என்றார் அதிகாரி. "இது ஆர்?"

தர்மிளா வாயைத் திறந்தாள். வழி முழுதும் பஸ்ஸில் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வார்த்தைதான். சொல்லாமல் திரையைப் பார்த்தாள். சின்ன வயதில் அப்பா தோளில் அவளைத் தூக்கி வைத்துக்கொண்டு காட்டிய தேர் அது.

பின்னால் வாங்குப் பலகை நகரும் சத்தம் கேட்டது. இராசமணி எழுந்து நின்றாள். அந்த அறையில் இருந்த எவரும், அவள் புருஷன் உட்பட, அவள் ஒரு கூட்டத்தில் எழுந்து நின்றதைப் பார்த்ததில்லை.

"என் புருஷனுங்க அம்மா. அந்தா ஒக்காந்திருக்காரே, அவருதான்."

பெரிய தொரை சட்டென்று தர்மராசாவின் பக்கம் சாய்ந்தார். "தலைவரே, நல்லாப் பாத்துச் சொல்லுங்க. மொகம் தெரியலையே? மாலை போட்டவன் எல்லாம் நீங்களா?"

அது அவருக்குத் திறந்து கொடுத்த வாசல். இல்லை என்று ஒரு வார்த்தை. படமும் பொய்யாகிவிடும், மகளும் பொய்யாகிவிடுவாள், அவர் தலைவராகவே வீட்டுக்குப் போகலாம்.

தர்மராசா திரையைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். அவள் உட்காரவில்லை. பார்வையை எடுக்கவும் இல்லை.

"மொகம் தெரியலதான்" என்றார். "ஆனா அது நான்தாங்க."

"யோசிச்சுச் சொல்லுங்கோ" என்றார் அதிகாரி.

"ரொம்ப நாளா யோசிச்சிட்டேங்க. தேர் போற பாதைய சரிபண்ண நாங்க மெஷின் கேட்டோம். குடுத்தாங்க. கூடவே பங்களாப் பாதைக்கு அந்தக் கானையும் மூடுன்னாங்க. மண்ண இங்க கொட்டு, அங்க கொட்டுன்னு கை காட்டினது நான். மழைக்கு முன்னாடி பெரிய குழாய் போட்டுத் தர்றேன்னாங்க. போடல. ஏன் போடலன்னு நானும் கேக்கல." எழுந்து நின்றார். "மூடச் சொன்னவரு என் பக்கத்துலதான் ஒக்காந்திருக்காரு. சம்மதம்னு நான் போட்ட கையெழுத்து செல்லாதுங்க. அத நான் திருப்பி எடுத்துக்கிறேன்."

பெரிய தொரை நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "நன்றி கெட்ட ஆளு!" என்றவர், ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டே வெளியே போனார்.

அதிகாரி அவசரப்படவில்லை. எழுதி முடித்தபின் நிமிர்ந்தார். "நானே மலையில வந்து பார்ப்பன். அதுவரைக்கும் ஒருத்தரும் லயத்துக்குத் திரும்பக் கூடாது. உத்தரவு நாளைக்கு எழுத்தில வரும்."

*

கச்சேரி வாசலில் ஜீப் இல்லை. தர்மராசாவை விட்டுவிட்டுப் போயிருந்தது.

பஸ் நிலையத்தில் இராசமணி ஏறி உட்கார்ந்து, பக்கத்தில் பையை வைத்தாள். அவர் வந்து நின்றார். அவள் பையை எடுக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பஸ் ஊரைத் தாண்டும்போது தர்மிளாவின் ஃபோன் அடித்தது. பள்ளிக்கூடத்தில் அடுத்த வகுப்பறையில் இருக்கும் செல்லக்கிளி. பின்னால் பிள்ளைகள் அழும் சத்தம்.

"டீச்சர், எங்க இருக்கீங்க? தோட்டத்து லொறி வந்திருச்சு. தலைவரு சம்மதிச்சிட்டாரு, இன்னைக்கே லயத்துக்குப் போகணும்னு சாமான ஏத்துறாங்க!"

"ஏத்த விடாதீங்க! போகக் கூடாதுன்னு சொல்லியாச்சு."

"கடதாசி எங்கன்னு கேக்குறாங்களே!"

கடதாசி நாளைக்கு. தர்மிளா அதைச் சொன்னபோது அப்பா கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

பண்டாரவளையில் பஸ் பாதி காலியானது. அப்போதும் அவர் உட்காரவில்லை. "என்கிட்ட முன்னாடியே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்" என்றார், ஜன்னலைப் பார்த்தபடி.

"சொல்லியிருந்தா நீங்க அது நான் இல்லன்னு சொல்லப் பழகிக்கிட்டு வந்திருப்பீங்க" என்றாள் இராசமணி.

அப்புத்தளை தாண்டியதும் மழை பிடித்தது.

பள்ளிக்கூடத்தை அடைந்தபோது வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. முற்றத்தில் லொறி நின்றது. கட்டில், பானை, சாமிப்படம், பிள்ளைகளின் புத்தகப்பை எல்லாம் பாதிக்கு மேல் ஏறிவிட்டன. நனைந்துகொண்டு நின்ற சனம் தலைவரைக் கண்டதும் வழி விட்டது.

தர்மராசா நேராக லொறியில் ஏறினார். மேலே கிடந்த ஒரு மெத்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கினார்.

"எறக்குங்க" என்றார்.

"நீங்கதானே ஏத்தச் சொன்னீங்க தலைவரே?" என்று கேட்டான் ஒருவன். குரலில் கோபம் இருந்தது.

"ஆமா, நான்தான். தப்பு செஞ்சேன். இன்னைக்கு மட்டும் இல்ல. அதையும் சொல்றேன். மொதல்ல எறக்குங்க."

யாரும் அசையவில்லை. செல்லக்கிளிதான் முதலில் லொறியில் ஏறினாள். தன் பானையை எடுத்தாள். பிறகு இராசமணி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினாள். அதன் பிறகு பெண்கள் எல்லாரும். லொறிக்காரன் கத்திப் பார்த்தான். பிறகு ஒதுங்கி நின்று ஃபோனில் பேசினான்.

"பெரிய தொரை வர்றாராம்" என்றான். "யாரும் எதையும் தொடக் கூடாதாம்."

"வரட்டும்" என்றாள் இராசமணி, கட்டில் காலைப் பிடித்தபடி.

வகுப்பறையில் தர்மிளா மேசையை இழுத்து வாசலில் போட்டாள். லெப்டொப்பை வெளியே சனத்தைப் பார்க்கத் திருப்பி வைத்தாள். பென்டிரைவைச் செருகினாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். டிஸ்க் விழுந்த நாளுக்குப் பிறகு அவர் முகத்தை அவள் நேராகப் பார்த்தது அப்போதுதான்.

"எல்லாரும் பாக்கையிலயாப்பா?"

மெத்தைத் தண்ணீர் அவர் வெள்ளைச் சட்டையில் வழிந்துகொண்டிருந்தது. "எல்லாரும் பாக்கையிலதான். மொதல்லேருந்து போடு."

சனம் நெருங்கி வந்தது. பிள்ளைகள் முன்னால் குந்தினார்கள். திரையில் தேர் நகரத் தொடங்கியதும், தேரைப் பார்த்துச் சிலர் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அடுத்து என்ன வரப் போகிறது என்று மூன்று பேருக்கு மட்டும்தான் தெரியும்.

கீழே வளைவில் ஜீப்பின் விளக்கு மழையைக் கிழித்துக்கொண்டு ஏறி வந்தது. யாரோ, "டீச்சர், மூடுங்க, மூடுங்க!" என்றார்கள்.

தர்மிளா திரையின் வெளிச்சத்தை இன்னும் கூட்டி வைத்தாள்.